சும்மா கிடைத்த பாட்டு

முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தால் மனசு ஒரு இடத்தில் நிற்காது. கைக்குத்தான் வேலை, புத்திக்கு என்ன வேலை, அவிழ்த்துவிட்ட ஆடு மாதிரி அது கண்ட இடத்தில் மேயும். ரூபவதி அடுக்களைத் தரையில் காலை நீட்டி, மடியில் முறத்தை வைத்து, இணுக்கு இணுக்காக உருவிக்கொண்டிருந்தாள். சன்னல் வழியாக விழுந்த சாயங்கால வெயில் அவள் காலைத் தாண்டி அரிசிப்பானை வரைக்கும் போயிருந்தது. வெயில் பானையை விட்டு ஏறி சுவருக்குப் போகும்போது கோயில்காரர்கள் தெருமுனைக்கு வந்துவிடுவார்கள். பாளையங்கோட்டையில் மார்கழி பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒவ்வொரு தெருவுக்கும் இது உண்டு. கொட்டும் கிட்டாரும் சலங்கையுமாக வருவார்கள், வீடு வீடாக நின்று கிறிஸ்மஸ் பாட்டுப் பாடுவார்கள், வீட்டுக்காரர்கள் கேக்கும் காபியும் கொடுப்பார்கள். இந்த வீட்டு வாசல் வரும்போது மட்டும் கொட்டை நிறுத்திவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, சாமான் திருடப் போகிறவர்கள் மாதிரி ஓசைப்படாமல் தாண்டி, அடுத்த வீட்டு வாசலில் போய்த் திரும்பவும் கொட்டுவார்கள். ஏனென்றால் இது சாவு விழுந்த வீடு. ஆவணியில் அவள் புருஷன் செல்லத்துரை போனார். வருஷம் திரும்புகிற வரைக்கும் இந்த வீட்டுக்குப் பண்டிகை கிடையாது. வாசலில் ஸ்டார் கட்டக்கூடாது, அடுப்பில் எண்ணெய்ச்சட்டி ஏறக்கூடாது, புதுச்சேலை கூடாது, பாட்டு கூடவே கூடாது. வேதத்தில் எந்த ஆகமத்தில் எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்று கேட்டுப் பாரேன். ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் எல்லோருக்கும் தெரியும். அடுத்த வீட்டு ரஞ்சிதம் மயினி, செல்லத்துரையின் கூடப்பிறந்த அக்கா, கட்டிக்கொடுத்து வேறு வீட்டுக்காரி ஆகிவிட்டதால் இந்த விலக்கெல்லாம் அவள் வாசலுக்கு இல்லை, காலையிலேயே வந்து நின்றுகொண்டு சொல்லிவிட்டுப் போனாள்: "ஏ ரூபா, சாயங்காலம் கேரல்ஸ் வரும்லா, நீ கதவைச் சாத்திட்டு உள்ள இரு. நான் கொயர்ல சொல்லிட்டேன், உன் வாசல்ல சத்தம் காட்டாம போயிருவாவ." ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்ட மாதிரி. ரூபவதியும் "சரி மயினி" என்றாள். அந்த 'சரி மயினி' காலையிலிருந்து தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கிறது, சோற்றுருண்டை விழுங்கியும் இறங்கவில்லை.

இறங்காததற்குக் காரணம் அந்தப் பாட்டுதான். குழம்புச்சட்டியில் சாய்த்து வைத்திருக்கிற போனில், காதில் மாட்டுகிற வயரில் ஒற்றைப் பக்கத்தை மட்டும் இடது காதில் செருகிக்கொண்டு, மூன்று நாளாக இதே வேலை. இடது காது எதற்கென்றால், வலது காது மயினி வீட்டுப் பக்கம். அந்தப் பக்கம் எப்போது குரல் வரும் என்று சொல்ல முடியாது, திறந்தே இருக்கவேண்டும். கோயம்புத்தூரிலிருந்து மகள் பெனிட்டா, "பலகாரம்தான் சுடக்கூடாது, பாட்டாவது போன்ல கேளுங்கம்மா, யாருக்குத் தெரியப்போகுது" என்று சொல்லப்போய், இவள் கிறிஸ்மஸ் பாட்டு என்று எழுதித் தேடப்போய், எங்கெங்கோ சுற்றி ஒரு பக்கத்தில் போய் விழுந்தாள். எந்த ஊரோ என்ன பேரோ, ஒரு மனுஷன், ஒவ்வொரு டிசம்பரும் உட்கார்ந்து, கம்பெனி கிம்பெனி எதுவும் இல்லாமல் நாலு பேர் சேர்ந்து தாங்களாகப் பாடிப் போட்ட பண்டிகைப் பாட்டுகளாகப் பொறுக்கியெடுத்து அடுக்கிவைக்கிறானாம். எல்லாம் சும்மா. காசு கிடையாது, எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் கீழே பாடினவர்களைப் பற்றி நாலு வரி. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துப் பழகின இங்கிலீஷை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஒன்று அண்ணன் தம்பி இரண்டு பேர், பனி கொட்டுகிற ஊர், கார் நிறுத்துகிற கொட்டகைக்குள் வைத்துப் பாடியிருக்கிறார்கள், பின்னால் ஏதோ இயந்திரம் உறுமிக்கொண்டே இருக்கிறது. இன்னொன்று ஒரு பொம்பளை; பாட்டு நடுவில் பிள்ளை அழுகிறது, அவள் பாட்டை நிறுத்தாமல் 'ச்சூ ச்சூ' என்று சமாதானம் பண்ணிக்கொண்டே பாடுகிறாள், அதையும் வெட்டாமல் அப்படியே போட்டிருக்கிறார்கள். ரூபவதி தனியாக உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்த பிறகு பயமாக இருந்தது. இந்த வீட்டில் ஆவணிக்கு அப்புறம் கேட்ட முதல் சிரிப்பு அது. சுவரைத் தாண்டிப் போயிருக்குமோ? அடுத்தது ஒன்று, பரணிலிருந்து பாத்திரம் சரிந்த மாதிரி சத்தம், அதற்கு நடுவே நாலு பையன்கள் 'ஏசு ஏசு' என்று கத்துகிறார்கள், எந்த பாஷையென்றே தெரியவில்லை, ஏசு மட்டும் புரிந்தது. இதற்குப் பேர் பாட்டா? சுருதி சேரலன்னா அது ஆராதனை இல்ல ரூபா, இரைச்சல். சொன்னது செல்லத்துரை. செத்தும் சொல்லுவார், அவர் குணம் அது. கணக்கு வாத்தியார், கோயில் பாட்டுக்குழுவுக்குக் கொயர் மாஸ்டர், சுருதிப்பெட்டியை மகளைவிடச் செல்லமாக வளர்த்தவர். அவர் இருந்திருந்தால் இந்தப் போனைப் பிடுங்கி அணைத்துவிட்டு, கையைக் கழுவியிருப்பார்.

அந்தப் பக்கத்தின் அடியில்தான், கிட்டத்தட்ட முடிகிற இடத்தில், தமிழ் எழுத்து தெரிந்தது. கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. மூணாவது தெரு என்று பேர். அதுதான் அந்தக் குழுவின் பேரே. தூத்துக்குடி. இரண்டு பெண்பிள்ளைகளும் ஒரு பையனும். மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில்தான் தாளம். கீழே எழுதியிருந்தார்கள்: 'பாட்டு புடிச்சிருந்தா எடுத்துக்கோங்க. நீங்களும் பாடுங்க. யாருட்டயும் கேக்க வேண்டாம்.' யாருட்டயும் கேக்க வேண்டாம். பாடுவதற்கு யாரிடமும் கேட்கவேண்டாமாம். என்ன தைரியம் பாரு இதுகளுக்கு! அதைத் தட்டினாள். மீன்பெட்டி டொக்கு டொக்கென்று நாலு தட்டு. அப்புறம் அந்தப் பிள்ளை வாயைத் திறந்தது. 'கொட்டில்ல பிள்ள தூங்குது, அந்த மாடு எங்க படுக்குது? தொட்டியைக் குடுத்த மாடு அது, ராவெல்லாம் எதைத் தின்னுது?' ரூபவதியின் கை கீரையில் அப்படியே நின்றது. இத்தனை வருஷக் கிறிஸ்மஸில் மேய்ப்பர்களுக்குப் பாட்டு உண்டு, காணிக்கை கொண்டுவந்த சாஸ்திரிகளுக்குப் பாட்டு உண்டு, நட்சத்திரத்துக்கும் தேவதூதருக்கும் கணக்கேயில்லை. தீனித்தொட்டியைப் பிள்ளைக்குத் தொட்டிலாகக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடந்த மாட்டைப் பற்றி ஒருத்தராவது கேட்டார்களா? அட, நியாயமான கேள்விதானே! ஆனால் கையை நிறுத்தியது கேள்வி இல்லை, குரல். தடிச்ச குரல். பெண்பிள்ளைக் குரல் என்றால் நூல் மாதிரி மேலே போகுமே, அந்தக் குரல் இல்லை. கீழேயே கிடந்து கரகரவென்று உரசிக்கொண்டு, மேலே ஏறவேண்டிய இடத்தில் ஏறாமல் பிளந்து, பிளந்தால் பிளந்துவிட்டுப் போகட்டும் என்று மேற்கொண்டு போகிற குரல். ஏட்டி, இது என் தொண்டைலா! யாரோ ஒரு தூத்துக்குடிக்காரிக்கு, மகளைவிடச் சின்னவளுக்கு, கர்த்தர் அதே தொண்டையை வைத்திருக்கிறார். அவள் அதை ஒளித்து வைக்கவில்லை. ஊருக்கே சும்மா கொடுத்திருக்கிறாள்.

ரூபவதியின் தொண்டை என்ன சாதாரணத் தொண்டையா? தனியார் ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுகிற வேலை பார்த்தவள். மைக் வாங்கித் தருகிறோம் என்று சொல்லிச் சொல்லியே நிர்வாகம் கடைசி வரை வாங்கித் தரவில்லை, இவள் இருக்கும்போது மைக் எதற்கு? இவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் வெளியே வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருக்கிறவன் கிளாஸை வைத்துவிட்டு ஓடிவருவான். காது மந்தமான கிழவர்கள்கூட, "ரூபாம்மா கூப்பிட்டா எனக்கே கேக்குதுல்லா" என்று சந்தோஷப்படுவார்கள். அந்தத் தொண்டைதான் கோயிலுக்குள் நுழைந்ததும் ஊமையாகிவிடும். கல்யாணமாகி முதல் கிறிஸ்மஸ். கொயர் மாஸ்டர் பெண்டாட்டி என்றால் வெள்ளைச்சேலை கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கவேண்டாமா, நின்றாள். சின்ன வயசிலிருந்து வீட்டில் ஆட்டுரலுக்கு முன்னால் உட்கார்ந்து பாடிய பழக்கம், ஆசை ஆசையாகப் பாடினாள். ஒத்திகை முடிந்து எல்லோரும் போன பிறகு, ஹார்மோனியப் பெட்டியை மூடிக்கொண்டே செல்லத்துரை சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்லியிருப்பாள். சிரித்துக்கொண்டு, தோளைத் தொட்டு, அல்வாத்துண்டு கொடுக்கிற மாதிரி சொன்னார்: "ரூபா, நீ நின்னாப் போதும். வாயை மட்டும் அசை. உன் குரல் கொஞ்சம் தடிச்சிருக்குல்லா, மத்தவங்க குரலை அது முழுங்கிருது. நீ நிக்கது வரிசைக்கு ஒரு அழகு." அழகு என்று சொன்னாரே, அந்த ஒரு வார்த்தைக்கு மயங்கிப்போனாள் முட்டாள். இருபத்துமூன்று வயசில் புருஷன் அழகு என்று சொன்னால் எந்தப் பெண்ணுக்குத்தான் புத்தி வேலை செய்யும்? 'சரி அத்தான்' என்றாள். இன்றைக்கு மயினிக்குச் சொன்ன அதே சரி. அதற்கப்புறம் எத்தனை கிறிஸ்மஸ், எத்தனை ஈஸ்டர், எத்தனை அறுப்பின் பண்டிகை, எத்தனை பேர் கல்யாணம். வரிசையில் நின்று வாயை அசைத்தாள். நன்றாகவே அசைத்தாள். பாடுகிறவர்களுக்குக்கூட அவ்வளவு முகபாவம் வராது. புருவத்தை உயர்த்துவாள், மூச்சை இழுப்பாள், 'அல்லேலூயா'வுக்குக் கண்ணை மூடுவாள்.

அந்த மைக் கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒரு கிறிஸ்மஸுக்குப் பாட்டெல்லாம் பதிவு பண்ணவேண்டும் என்று சவுண்டு சர்வீஸ்காரர் வந்தார், புது ஆள். வரிசையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். இந்தம்மாதான் உயிரைக் கொடுத்துப் பாடுகிறது என்று முடிவு பண்ணி, இருந்ததிலேயே நல்ல மைக்கைக் கொண்டுவந்து ரூபவதி வாய்க்கு நேராக நிறுத்திவிட்டார். அவள் செல்லத்துரையைப் பார்த்தாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டு ஹார்மோனியத்தில் கட்டையைத் தேடினார். பாடி முடித்துப் போட்டுக் கேட்டால் நடுவில் பெரிய ஓட்டை. பக்கத்துக் குரல்கள் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது, நேர் முன்னால் நிற்கிற அம்மா குரலைக் காணோம். சவுண்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு, மைக் செத்துப்போச்சு சார் என்றார். செல்லத்துரையும் முகத்தை வெகு தீவிரமாக வைத்துக்கொண்டு, ஆமா, மைக்தான் என்றார். ஒரு பாவமும் அறியாத அந்த மைக்கை ஜங்ஷன் கடைக்கு ரிப்பேருக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆமாம், அவளும்தான் சிரித்தாள். சிரித்தோமே, ஏன் சிரித்தோம்? அன்றைக்கு அழுதிருக்கவேண்டாமா? அவர் நல்ல மனுஷன்தான், அதில் சந்தேகமில்லை. ஒருநாளும் கைநீட்டினதில்லை, சம்பளத்தை அவள் கையில்தான் கொடுப்பார், காய்ச்சல் வந்தால் தலைமாட்டிலேயே இருப்பார். அவர் வாசலில் கழற்றிப்போடுகிற செருப்புச் சத்தத்துக்கு இப்போதும் காது தானாகத் திரும்புகிறது, திரும்பி ஏமாந்துபோகிறது. இதெல்லாம் நிஜம். அதுவும் நிஜம். நல்ல மனுஷன்தான் அவள் வாயைப் பூட்டினார். கெட்டவன் பூட்டியிருந்தால் என்றைக்கோ உடைத்திருப்பாள். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும்போது அவருடைய கொயரே நின்று பாடியது, எல்லோரும் தேம்பிக்கொண்டு பாடினார்கள், குருவானவர் ஐயரவாள்கூட அழுதுகொண்டேதான் அங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரூபவதி குழி ஓரத்தில் நின்று அந்தப் பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் வாயை அசைத்தாள். சத்தம் வரவில்லை. இரண்டாவது சரணத்தில்தான் அவளுக்கே உறைத்தது. அடப்பாவி, இனி யார் தடுக்கப்போகிறார்கள், தடுக்கிறவர் பெட்டிக்குள் இருக்கிறார், கத்திப் பாடு. வரவில்லை. புருஷனை மண்ணில் வைக்கும்போதும் பொய்க்குப் பாடிவிட்டு வந்தாள். இதை மகளிடம்கூடச் சொல்லவில்லை.

வெயில் பானை வயிற்றுக்கு வந்துவிட்டது. கீரையில் பாதிதான் ஆகியிருக்கிறது. பாட்டு முடிந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. கொட்டில்ல பிள்ள தூங்குது. மனப்பாடம் ஆகிவிட்டது, வாய் தானாக அசைகிறது. ஆமாம், அசைகிறது! இங்கே அடுக்களைக்குள் தனியாக உட்கார்ந்துகொண்டும் அசைக்கத்தான் செய்கிறது! அவளுக்கு வந்த கோபத்தில் ஒரு இணுக்கைக் காம்போடு முறத்தில் எறிந்தாள். வாயை மூடினாள். எச்சில் விழுங்கினாள். மூச்சை இழுத்து, 'கொட்டில்ல' என்றாள். சத்தமாக. கதவுக்கீல் எண்ணெய் இல்லாமல் கத்துமே, அப்படி ஒரு சத்தம் வந்தது. பயந்துபோய் நிறுத்தினாள். இதுதானா? வருஷக்கணக்காகப் பூட்டிவைத்தால் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? டோக்கன் கூப்பிடுகிறது வேறே, பாடுகிறது வேறே. தொண்டையிலிருந்து வந்தால் கூப்பிடுவது; பாட்டுக்கு வயிற்றிலிருந்து வரவேண்டும், வயிறு ஒப்பவேண்டும். இன்னொரு தடவை. 'கொட்டில்ல பிள்ள தூங்குது.' இந்தத் தடவை கதவுக்கீல் இல்லை, எருமை. அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மயினி குரல்: "ஏ ரூபா! என்னட்டி சத்தம்?" வலது காது சும்மாவா திறந்திருக்கிறது. "ஒண்ணுமில்ல மயினி, கீரைல புழு" என்றாள். புழுவாம்! சொன்ன வேகத்துக்கு அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. பாடினேன் மயினி என்று சொல்ல வாய் வரவில்லை பார். மயினி கெட்டவள் இல்லை. தம்பியைத் தூக்கி வளர்த்தவள், ஆவணியிலிருந்து பாதி ராத்திரி அவள் மூக்குறிஞ்சுகிற சத்தம் இந்தச் சுவருக்குக் கேட்கும். அவள் துக்கத்தைக் காப்பாற்றுவதற்கு ஒரு அமைதியான வீடு வேண்டும், அந்த வீடு ரூபவதி வீடாக இருக்கவேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் என் வாயை வைத்துத்தானா உங்கள் துக்கத்தைக் காக்கவேண்டும் மயினி? ஏற்கெனவே உங்கள் தம்பி சுருதியை அதை வைத்துத்தானே காத்தார். அக்காளும் தம்பியும் மாறி மாறி என் வாயையே குத்தகைக்கு எடுப்பீர்களா?

சரி, வாசலுக்குப் போய்ப் பாடிவிட்டால் என்ன ஆகும்? யோசி. நாளைக்குக் காலையில் பால் வாங்கப் போகிற இடத்தில் பேச்சு ஓடும். புருசன் செத்து ஆறு மாசம் ஆகல, பாட்டு கேக்குதோ அவளுக்கு? பேசட்டும். பெனிட்டாவின் மாமியார் காதுக்குப் போகும். போகட்டும், அந்தம்மா காதுக்கு எதுதான் போகவில்லை. கோயிலில் பெண்கள் சங்கத்தில் ஒதுக்கி உட்காரவைப்பார்கள். ஒதுக்கினால் காற்று நன்றாக வரும். இப்படி ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தவளுக்கு ஒன்றே ஒன்று தட்டிவிட முடியாமல் நின்றது. குரல் வராமல் போய்விட்டால்? எல்லோரையும் நிறுத்திவிட்டு, வாயைத் திறந்து, கல்லறையில் ஆனமாதிரியே காற்று மட்டும் வந்தால்? அப்போது செல்லத்துரை சொன்னது சரியென்று ஆகிவிடுமே. நின்னாப் போதும் ரூபா. பேசாமல் மயினி சொன்னபடி கதவைச் சாத்திவிடலாம். ஒரு வருஷம்தானே. அடுத்த கிறிஸ்மஸுக்குப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த கிறிஸ்மஸுக்கு மறுபடி வெள்ளைச்சேலை, மறுபடி வரிசை, மறுபடி வாய். அதற்கடுத்த கிறிஸ்மஸ். அப்புறம் ஒருநாள் அவளையும் பெட்டியில் வைத்து இறக்குவார்கள், நல்லாப் பாடுவாவளே ரூபாம்மா என்று நாலு பேர் அழுவார்கள். அந்தப் பொய்யோடு போய் மண்ணுக்குள் படுக்கவேண்டும். சீ! அதற்கு இப்போதே எருமை மாதிரி கத்திவிட்டுப் போவது எவ்வளவோ மேல். தெருமுனையில் கொட்டு கேட்டது. டாக்டர் வீட்டு வாசல். அங்கே எப்போதும் இரண்டு பாட்டு, பிளம் கேக் பெரிய துண்டாகக் கொடுப்பார்கள். வயரைக் காதிலிருந்து பிடுங்கினாள். முறத்தை இறக்கி வைத்தாள். எழுந்தாள், திரும்பவும் உட்கார்ந்தாள். கர்த்தாவே, என்ன கோழை நான்! கொட்டு தபால்காரர் வீட்டுக்கு வந்துவிட்டது. எழுந்து, சேலையில் ஒட்டின கீரையைத் தட்டி, கொண்டையை முடிந்தாள். கதவு தாழ்ப்பாளில் கைவைக்கும்போது மயினி வீட்டு வாசலில் பாட்டு முடிந்து கைதட்டுகிற சத்தம். அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி தன் வாசலுக்கு வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. பத்துப் பதினைந்து ஜோடிச் செருப்புகள் மண்ணில் மெதுவாக, மெதுவாக உரசின. அவள் இன்னும் உயிரோடு நிற்கிற வீட்டைக் கல்லறையைத் தாண்டுகிற மாதிரி தாண்டுகிறார்கள்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கொட்டுக்காரர் சத்தம் வராமல் இருக்கத் தோலின் மேல் உள்ளங்கையை அழுத்திப் பிடித்திருந்தார். சலங்கையை ஒரு பிள்ளை கவுனுக்குள் சுருட்டி வைத்திருந்தாள். ரஞ்சிதம் மயினி நடுத்தெருவில் நின்று போலீஸ்காரர் மாதிரிக் கையைக் காட்டிக் காட்டி எல்லோரையும் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"நில்லுங்க!" என்றாள் ரூபவதி. டோக்கன் கூப்பிடுகிற குரல். மொத்தத் தெருவும் நின்றுவிட்டது. எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள்கூட நின்றாள். "ஏன் என் வாசல்ல மட்டும் நிறுத்திட்டீங்க?"

மயினிதான் பதறிக்கொண்டு வந்தாள். "என்னட்டி இது கூத்து? உள்ள போ. தம்பி போயி வருஷம் திரும்பல."

"உங்க தம்பிதான் மயினி போனாவ. நான் இருக்கேன்லா."

காட்டிக்கொண்டிருந்த கையை மயினி கீழே இறக்கினாள். அந்த முகத்தைப் பார்க்க ரூபவதிக்குப் பாவமாகவும் இருந்தது, பாவம் பார்த்தால் இன்றைக்கும் போச்சு என்றும் இருந்தது. செல்லத்துரைக்கு அப்புறம் கொயரை ஏற்றுக்கொண்ட ஆல்வின் முன்னால் வந்தான். அவரிடமே பாட்டுப் படித்தவன். "சாருக்கு மரியாதைக்காகத்தான் அக்கா நிறுத்தினோம்" என்று தணிவாகச் சொன்னான்.

"சாருக்கு நான் குடுக்காத மரியாதையா தம்பி? கல்யாணமான நாள்ல இருந்து உங்க வரிசையில நின்னு வாயை மட்டுந்தான் அசைச்சேன். ஒரு பாட்டு பாடினதில்ல. சார் அப்படித்தான் சொல்லியிருந்தாவ." சொல்லிவிட்டாள். இத்தனை காலம் மூடிவைத்திருந்தது இவ்வளவு சின்ன வாக்கியமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கூட்டத்தில் யாரோ 'ஐயோ' என்றார்கள். "இன்னைக்கு நான் பாடணும்."

ஆல்வின் பையிலிருந்து பாட்டுப் புத்தகத்தை எடுத்தான். கோயில்காரர்களுக்கு அதுதான் வழக்கம், எந்தப் பாட்டுக்கும் எண் உண்டு. "எத்தனாம் பாட்டு அக்கா?"

"இதுக்கு எண் கிடையாது."

"சுருதியாவது சொல்லுங்க."

"என் தொண்டையில எது வருதோ அது."

மூச்சை இழுத்தாள். வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டாள். 'கொட்டில்ல பிள்ள தூங்குது' என்று தொடங்கினாள். வந்தது. கரகரவென்று, தடித்து, மொத்தத் தெருவுக்கும் கேட்கிற மாதிரி வந்தது. கொட்டுக்காரருக்குத் தாளம் பிடிபடவில்லை, விரலால் ஓரத்தில் தேடிக்கொண்டிருந்தார். அவள் அவருக்காகக் காத்திருக்கவில்லை. மயினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அதற்காகவும் நிறுத்தவில்லை. இரண்டாவது வரியில், மேலே ஏறவேண்டிய இடத்தில், குரல் ஏறாமல் உடைந்தது. உடைந்ததை எல்லோரும் கேட்டார்கள், அவளும் கேட்டாள். மூன்றாவது வரியை இன்னும் சத்தமாக எடுத்தாள்.